பூபதிராஜா எழுதிய ஒரு பொய்

அவைத் தலைவர் அவர்களே, பூபதிராஜாவின் துணைவியார் தங்கை ஜீவிதா அவர்களே, கொல்லங்கோட்டுப் பெருமக்களே! நான் சித்திரபுரம் வேதமுத்து. கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளத்தில் தலைமை ஃபிட்டர்.

சென்ற வாரம் மாரடைப்பு பறித்துக்கொண்டதே, நம் முதுநிலைப் பொறியாளர் பூபதிராஜாவை! அவரோடு பதினாறு ஆண்டு வேலை செய்தேன். பாதி நாள் சண்டை போட்டேன். இந்தச் சொந்த ஊருக்கு வந்து நாற்று நட லீவு கேட்கும் ஒரே பொறியாளர் அவர்தான்! திரும்பும்போது ஒரு பை மாம்பழம் கொண்டுவருவார். சண்டை மறந்துபோகும்.

எதற்குச் சண்டை? அவர் கொண்டுவந்த சென்சாருக்குத்தான். பம்பைக் கழற்றாமலே, அதிர்வை அளந்து, எது பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் கருவி. எனக்கோ ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியைப் பம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் பேரிங்கின் நிலை தெரிந்துவிடும்.

"என்ன தம்பி, இந்தப் பொட்டி சொல்லித்தான் நான் கேக்கணுமாக்கும்?" என்பேன்.

"ஏனுங்கண்ணா, எங்க தோட்டத்து மோட்டாரு எரியறதுக்கு முன்னாலயே ஒரு பொட்டி சொல்லீருந்தா, அப்பாவோட நெல்லு காஞ்சிருக்குமுங்களா? நடுக்கடல்ல மெக்கானிக்குக்கு எங்கீங்க போறது?" என்பார்.

மூன்றாண்டுக்கு முன் ஒரு கப்பல் புறப்படவிருந்த காலை. கடல்நீர் பம்பைக் கேட்டுவிட்டு "நல்லாயிருக்கு" என்றேன். கருவியோ, பழுது இருக்கிறது என்றது. பூபதிராஜா கப்பலை நிறுத்தினார். தன் வேலையையே பணயம் வைத்து நிறுத்தினார்! பிரித்துப் பார்த்தோம். பேரிங்கில் விரிசல். தவறியது என் காது.

அறிக்கையில் அவர் என்ன எழுதினார் தெரியுமா? "வேதமுத்து சந்தேகப்பட்டார், கருவி உறுதி செய்தது."

பதறிப்போய்க் கேட்டேன்.

"அண்ணா, உங்களத் தோக்கடிச்ச பொட்டின்னா ஒர்க்ஷாப்புல ஒருத்தரும் தொட மாட்டாங்க. நீங்க நம்புன பொட்டின்னா தொடுவாங்க. சும்மா இருங்க" என்றார்.

சும்மா இருந்தேன். அதற்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழையும் கைநீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னபடியே எல்லாரும் கருவியைத் தொட்டார்கள். இன்று எங்கள் தளத்தில் சென்சார் பார்க்காமல் எந்தக் கப்பலும் கிளம்புவதில்லை. அந்தப் பெருமையில் பாதி என் பெயரில் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது எனக்கு.

பெருமக்களே, அந்தக் கப்பலைக் காப்பாற்றியவர் பூபதிராஜா! அவர் ஒருவரே! தங்கை, இந்தச் சான்றிதழ் இருக்க வேண்டியது உங்கள் வீட்டில். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம். அதுவரை எங்கள் ஃபிட்டர் ஒவ்வொருவருக்கும் சென்சார் பொருத்தக் கற்றுக்கொடுப்பேன். என் காது தவறிய கதையைத்தான் முதலில் சொல்வேன்.

நான் இனிச் சும்மா இருக்க மாட்டேன், தம்பி.