மேலப் பல்லு

டாக்டர்: வாயை நல்லாத் திறங்க... மேல் வரிசைல ஒரு பல்லுலயும் சொத்தை இல்லையே. மேலப் பல்லுன்னுதானே சொன்னீங்க?

பூதத்தான்: மேலன்னா மேல இல்ல, டாக்டரய்யா. அடி வரிசையில, மேலப் பல்லு.

டாக்டர்: அடி வரிசைல... மேல் பல்லா?

பூதத்தான்: மேக்குப் பக்கத்துப் பல்லுங்கேன்.

டாக்டர்: பல்லுக்கு ஏதுங்க மேற்கு? அதுவும் மேற்கு எப்படி 'மேல' ஆகும்?

பூதத்தான்: மலை எங்கன இருக்கு? மேக்க. ஆத்துத் தண்ணி அந்த மேட்டுலேருந்து எறங்கி, கீழ கொற்கை தாண்டிப் பள்ளத்துல போயிக் கடல்ல விழுது. மேல இருக்கது மேக்கு, கீழ இருக்கது கிழக்கு. பேரே அப்படி வந்ததுதான். மெட்ராஸ்ல சொல்லித் தரலியா?

டாக்டர்: மெட்ராஸ்ல பல்லுப் பிடுங்கத்தான் சொல்லித் தந்தாங்க. இடதா, வலதா? அதை மட்டும் சொல்லுங்க.

பூதத்தான்: அதுலதான் கொழப்பம்...

டாக்டர்: சாப்பிடுற கை எது?

பூதத்தான்: இந்தா, இது.

டாக்டர்: அது வலது. அந்தப் பக்கமா?

பூதத்தான்: இருங்க, இருங்க... நாற்காலிய எதுக்குச் சுத்துதீங்க? மேக்கு அங்கனயே நிக்கும். பல்லுல்லா கிழக்க போயிரும்.

டாக்டர்: கடவுளே... சரி. வீட்டுல எந்தப் பக்கம் பாத்து உக்காந்து சாப்பிடுவீங்க?

பூதத்தான்: யாரு... நானா? வடக்க பாத்து.

டாக்டர்: அப்ப மேற்கு இடது பக்கம். அவ்வளவுதான், இதைச் சொல்ல இத்தனை நேரமா? தட்டுறேன்... வலிக்குதா?

பூதத்தான்: ம்ஹூம்.

டாக்டர்: இது?

பூதத்தான்: சொகமா இருக்கு.

டாக்டர்: சுகமா இருக்கா? ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, உடனே பிடுங்கணும்னு வந்து நின்னது நீங்கதானே?

பூதத்தான்: தூக்கமில்லாதது நெசம். விடிய விடிய மொனங்கல் கேட்டா யாரு ஒறங்க முடியும்?

டாக்டர்: உங்க முனகல் உங்களுக்கே கேக்குதா?

பூதத்தான்: பையப் பேசுங்க... வெளிய கேட்டுரும்.

டாக்டர்: கேக்கட்டும். இந்தப் பல்லால நீங்க கருங்கல்லையே கடிக்கலாம். கட்டபொம்மன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் எதுக்கு வந்தீங்க? யாருக்குத்தாங்க பல்லு வலி?

பூதத்தான்: ...எம் வீட்டுக்காரிக்கு. வெளிய பெஞ்சுல தாடையப் பிடிச்சிக்கிட்டு இருக்காள்லா, அவதான். 'நீங்க மொதல்ல போயி அந்தப் பல்லு மரக்குத ஊசியப் போட்டுக்கிடுங்க, உங்களுக்கு வலிக்கலன்னா நான் வாரேன்'னுட்டா. என்கிட்டகூட வாயத் தொறந்து காட்ட மாட்டேங்கா. அடுப்புக்கு முதுகக் காட்டி எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுவா... பாத்துக்கிட்டே இருக்கேன், கிழக்குப் பக்கமாவே மெல்லுதா. அத வச்சுச் சொன்னதுதான் இந்த மேலப் பல்லு. ஒரு உபகாரம் பண்ணுங்க டாக்டரய்யா, அந்த ஊசிய எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்க. நான் சிரிச்சிக்கிட்டே வெளிய போனாத்தான் அவ உள்ள வருவா.