மாரிச்செல்வி எண்ணிய மாத்திரைகள்

தலைமை நாற்காலியில் கண்ணைத் துடைத்தபடி அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி தஸ்னீம் அவர்களே! பார்க்க வேண்டிய நோயாளிகளைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் மருத்துவர் அய்யா அவர்களே! கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூடியிருக்கும் என் சொந்தங்களே! உங்கள் வீரபத்திரனின் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஆட்களைச் சிரிக்கவைத்துப் பிழைப்பவன் நான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்து முதல் தடவை அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்தபோது, யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தேன். வண்டி ஓட்டும்போது மட்டுமல்ல. வரிசையில் நின்றபோதும் கழற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபோதும் கழற்றவில்லை. சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை ஊற்றாக ஓடுகிறது. நான் மட்டும் பெரிய மாறுவேடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இருக்கிறேன். அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, ஹெல்மெட்டக் கழட்டிருங்க. பின்னாடி 'நகைச்சுவைத் தென்றல் வீரபத்திரன், நிகழ்ச்சிகளுக்கு அணுகவும்'னு போன் நம்பரோட ஒட்டியிருக்கு. இங்கன இருக்க அம்புட்டுப் பேரும் படிச்சாச்சு. மூஞ்சி ஒன்னுதான் பாக்கி."

ஏதோ ஊர்த் திருவிழாவில் எனக்குப் பரிசாகக் கொடுத்த ஹெல்மெட் அது. கழற்றினேன். அந்தப் பெஞ்சில் அன்று சிரித்த சிரிப்பைப் போல என் தொழிலில் நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அந்தப் பெண்தான் மாரிச்செல்வி. இதோ, படத்தில் மாலைக்குள் இருக்கும் நம் செல்வி!

ஊருக்குள் ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். 'மாரடைப்பால் இயற்கை எய்தினார்' என்று அவருடைய அண்ணன் அச்சடித்திருக்கிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் அவர் நாளைக்கும் தெருவில் நடந்து போக வேண்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, அது செல்வியின் மகள் ஜெயப்பிரியாவுக்குப் போட்டது. காலையில் போன் செய்தாள். "மாமா, நான் கெளம்புனா எங்க போற, என்ன கூட்டம்னு மாமியா வீட்ல கேப்பாக. என்னன்னு சொல்ல?" கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். தாயின் இரங்கல் கூட்டத்துக்கு மகளால் வர முடியவில்லை. இந்த நோய் இரத்தத்தில் மட்டுமா இருக்கிறது? இல்லை, சொந்தங்களே! போஸ்டரில் இருக்கிறது. காலி நாற்காலியில் இருக்கிறது. என் ஹெல்மெட்டுக்குள் இருந்தது!

யார் இந்த மாரிச்செல்வி? அபிராமத்துப் பெண். லாரி ஓட்டிய கணவர் அந்தக் காலத்திலேயே மெலிந்து மெலிந்து போனார். போகும்போது இந்த நோயை விட்டுப் போனார். கைக்குழந்தையோடு இராமநாதபுரம் வந்த செல்வி, மகளுக்கு ஏழெட்டு வயதானபின் பதினாறு வருடம் நம் சங்கத்தின் களப்பணியாளராக இருந்தார். டாக்டர் மருந்து எழுதுவார். அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கும். ஆனால் கையில் வந்த மாத்திரை வாய்க்குள் போக எத்தனை தடை! அந்த ஒரு சாண் தூரத்தில்தான் செல்வி வேலை பார்த்தார்.

பாட்டில் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவோம். செய்யாதவர் இங்கே யாராவது உண்டா? பஸ்ஸில் பையை ஆட்டினால் மாத்திரை கலகலவென்று ஊரைக் கூட்டும். பாட்டிலுக்குள் பஞ்சு அடைக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? செல்வி! தெரிந்த முகம் வேண்டாமென்று இராமேஸ்வரத்துக்காரர் மதுரைக்கு மருந்துக்குப் போவார். மதுரைக்காரர் அதே காரணத்துக்காக இங்கே வருவார். இருவரும் பரமக்குடியில் டீக்கடை வாசலில் சந்தித்து, "என்னண்ணே இந்தப் பக்கம்?" "ஒரு கல்யாணம்" என்று சொல்லிப் பிரிவார்கள். மாதா மாதம் கல்யாணம்! இதையெல்லாம் செல்வி சொல்லித்தான் நான் சிரிக்கக் கற்றேன்.

மூன்றாவது வரிசையில் இருக்கும் முனியசாமியிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மண்டபத்திலிருந்து கடலுக்குப் போன முனியசாமியின் படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. நாற்பத்து மூன்று நாள் இலங்கைச் சிறை. மாத்திரை பாட்டில் படகிலேயே, அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. சிறை டாக்டரிடம் கேட்டிருந்தால் ஏற்பாடு செய்திருப்பார். கேட்கவில்லை. கேட்டால் கூட இருந்த ஆறு பேருக்கும் தெரியும். ஆறு பேருக்குத் தெரிந்தால் கரை முழுக்கத் தெரியும். நாற்பத்து மூன்று நாளும் சாவதற்கு முனியசாமி பயப்படவில்லை, தெரிந்துவிடுவதற்குத்தான் பயந்தார்.

விடுதலையாகி வந்தவர் மருந்து வாங்க வரவில்லை. விட்டுவிட்டோமே, திட்டுவார்களே என்று கூச்சம். செல்வி என்ன செய்தார்? மீன் வாங்குகிறவர் மாதிரி கூடையோடு மண்டபம் கரைக்குப் போனார். ஒரு நாள் இல்லை, மூன்று வாரம்! மீன் கூடையோடு அவர் திரும்பிய பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலியாம். கடைசியில் முனியசாமியே கேட்டார்:

"யக்கா, நீங்க மீன் வாங்க வரலன்னு எனக்குத் தெரியும். மீன் வாங்கத் தெரிஞ்சவ செவுளத் தூக்கிப் பாக்காம வாங்குவாளா?"

"அப்ப மூணு வாரமாத் தெரிஞ்சேதான் எனக்கு நாத்த மீனா வித்திருக்க?"

"ஆமா."

"சரி, அந்தப் பாவத்துக்காவது நாளைக்கு மருந்து வாங்க வா."

வந்தார். இதோ உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் நல்ல மீன் என்று சொல்லி எனக்கும் நாற்ற மீன்தான் கொடுக்கிறார்.

இப்போது இரண்டாவது வெட்கக்கேடு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் மாதக் கூட்டத்தில் ஒருவர் பாட்டிலை இன்னொருவர் கவிழ்த்து எண்ணுவது செல்வி வைத்த வழக்கம். முப்பது மாத்திரை பாட்டில். திறந்து இருபத்தைந்து நாளானால் ஐந்து மிஞ்ச வேண்டும். ஏழு மிஞ்சினால் இரண்டு நாள் போடவில்லை என்று பொருள். என் ஜோடி செல்வி. என் பாட்டிலை அவர் எண்ணுவார், அவர் பாட்டிலை நான் எண்ணுவேன்.

அப்போது கொடுத்த மாத்திரை, போட்டால் தலை சுற்றும். மேடையில் ஏறுகிறவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆவது? வேனில் கூட வரும் குழுவினர் என்ன மாத்திரை என்று கேட்டால் என்ன சொல்வது? நிகழ்ச்சி இருக்கும் நாளெல்லாம் போடாமல் விட்டேன். கூட்டத்துக்கு முதல்நாள், மிஞ்ச வேண்டியதற்கு மேல் மிஞ்சியதை எல்லாம் எங்கள் தெரு ஊருணியில் கொட்டிவிட்டு வருவேன். இந்த மாவட்டத்திலேயே நோய் எதிர்ப்புச் சக்தி அதிகமுள்ள மீன்கள் அந்த ஊருணியில்தான் இருக்கும். பதினொரு மாதம் என் கணக்கில் ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேடையில் ஏற்றி எல்லோரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். செல்வி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்கன கொட்டுறீக?"

"என்னது?"

"உண்மையாப் போடுற மனுசனுக்கு ஒன்னு ரெண்டு மிஞ்சும்ணே. காச்சல் வரும், கருமாதி வரும், மறந்து போகும். சபியாக்காவுக்குப் போன மாசம் மூணு கூடுதல். முனியசாமிக்கு ரெண்டு. ஒங்களுக்கு மட்டும் மாசாமாசம் அச்சடிச்ச மாதிரி எப்பிடி வருது? கணக்கு அச்சடிச்ச மாதிரி இருந்துச்சுன்னா அந்த ஆளு மாத்திரை போடலன்னு அர்த்தம். இத்தன வருசத்துல இது ஒன்னுதான்ணே நான் படிச்ச படிப்பு."

திட்டினாரா? இல்லை. டாக்டர் அய்யாவிடம் பேசி, நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தபின் போடுகிற மாதிரி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். தினமும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். எனக்கு மட்டுமா? அறுபத்து மூன்று பேருக்கு, அவரவர் மாத்திரை நேரத்துக்கு, தினமும்! மிஸ்டு கால் வாங்கியவர் கை தூக்குங்கள் என்றால், இங்கே தூக்காமல் இருக்கப்போவது யார், சொல்லுங்கள்?

சிரிப்பு இதோடு போதும்.

போன வருடம் ஜெயப்பிரியா கருவுற்று, அசையக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். செல்வி மகளின் மாமியார் வீட்டுக்குத் துணைக்குப் போனார். போனவர், பேரனுக்கு ஆறு மாதம் ஆகும்வரை பதினான்கு மாதம் அங்கேயே இருந்தார். அவர்களுக்கு விஷயம் தெரியாது. நல்ல மனிதர்கள், பாசமாக எல்லாப் பையையும் திறந்து துணிகளை மடித்து வைக்கிற மாமியார். இருந்தும் செல்வி மாதா மாதம் பஸ் ஏறிக் கூட்டத்துக்கு வந்தார். பாட்டிலோடு வந்தார். நம் மிஸ்டு கால் ஒரு நாளும் நிற்கவில்லை. வருடாந்திர இரத்தப் பரிசோதனைக்கு நம்மையெல்லாம் தேதி தவறாமல் அனுப்பியவர், தன் தேதியை மட்டும் இரண்டு முறை தள்ளிப் போட்டார். பேரனுக்குத் தடுப்பூசி என்றார். நாம் பேரனின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கூட்டத்தில் சொன்னார், நினைவிருக்கிறதா? "எல்லாருக்கும் நான் மிஸ்டு கால் குடுக்கேன். எனக்குக் குடுக்க யாரு இருக்கா?" நான் உடனே எழுந்து, "தங்கச்சி, ஒனக்கு எமன்தான் கொடுக்கணும், அவனும் பயந்து கட் பண்ணிருவான்" என்றேன். கூடமே சிரித்தது. செல்வியும் சிரித்தார். சொந்தங்களே, என் வாழ்நாளில் நான் அடித்த நகைச்சுவைகளில் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் அந்த ஒன்றை வாங்கிக்கொள்வேன்.

அடுத்த மூன்று மாதத்தில் தலைவலி, வாந்தி, நினைவு தப்பியது. மூளைக்குப் போன காசநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் என்னிடம் கேட்டார்: "இவங்க மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "யாரைப் பார்த்து என்ன கேள்வி கேக்குறீங்க? ஊருக்கே மாத்திரை போடச் சொல்லிக்கொடுத்தவங்க!" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். ஒன்பதாம் நாள் செல்வி போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை சங்க அலுவலகத்துக்குச் சபியா அக்கா வந்தார். தன் பாட்டிலை மேசையில் வைத்தார்.

"வீரபத்திரன் தம்பி, இதை நீங்களே வச்சுக்கங்க. அவ ஒரு நாள் தவறாமப் போட்டா. அவளுக்கே ஒதவாத மருந்து எனக்கு எதுக்கு? அல்லா விட்ட வழி."

அதன்பின் இன்னும் மூன்று பேர் கொண்டுவந்து வைத்தார்கள். இதோ, செல்வியின் படத்துக்கு முன்னால் இருக்கும் நான்கு பாட்டில்கள் அவைதான். பூவும் ஊதுபத்தியும் வைக்கிற இடத்தில் நான்தான் வைத்தேன். நான்கு பாட்டில் என்றால் நான்கு உயிர். அடுத்த மாதம் எட்டாகுமா? அதற்கடுத்த மாதம் இந்தக் கூடத்தில் எத்தனை நாற்காலி காலியாக இருக்கும்? இதற்காகவா செல்வி நாற்ற மீன் சுமந்தார்?

எனவே இந்தப் படத்தின் முன் சொல்கிறேன். இன்று முதல் அந்த அறுபத்து மூன்று மிஸ்டு காலும் என் போனிலிருந்து வரும். எடுக்காதீர்கள், எடுத்தால் நான் ஜோக் சொல்வேன். பாட்டில் எண்ணுவது நிற்காது. எண்ணுகிறவர் பாட்டிலையும் எண்ணுவோம். கூடுதலாக மிஞ்சியிருந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வோம். எண்ணிவிட்டு, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்போம். பதில் வரும்வரை போட்டோவைப் பார்க்க மாட்டோம்.

இனி நான் சொல்லப்போவது செல்வியின் பெயருக்கு அழகு சேர்க்காது. மூன்று நாளாகச் சொல்வதா வேண்டாமா என்று புரண்டேன். உயிரோடு இருந்தால் அவரே சொல்லச் சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துதான் மைக்கைப் பிடித்தேன். சபியா அக்கா, எழுந்து வந்து உங்கள் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூவரும் வாருங்கள். வந்துகொண்டே கேளுங்கள்.

மகள் வீட்டில் இருந்த பதினான்கு மாதமும் செல்வியின் பாட்டிலை எண்ணியவன் நான்தான். பதினான்கு மாதமும் கணக்கு அச்சடித்த மாதிரி இருந்தது.