கம்பிக்குக் கீழே நாற்பது முழம்

— அது என்னக்கா சத்தம்?

— எந்தச் சத்தம், தாயி?

— இந்தா, ஓட்டுக்கு மேல. ஙொய்னு இழுத்துக்கிட்டே கெடக்குதே. பங்குனியில வீடு பாக்க வந்தப்போ இது இல்லையே.

— வண்டு. சாரல் விழுந்தா கத்தும். நீ காப்பியக் குடி, ஆறிப் போவுது.

— வண்டுன்னா விட்டு விட்டுல்லா கத்தும்.

— எங்க குத்துக்கல்வலசை வண்டு அப்படித்தான். நாளைக்குப் பத்திரம் முடிக்கப் போற நேரத்துல வண்டைப் போயி ஆராய்ச்சி பண்ணுதா பாரு.

— நா தெரியாமத்தான் கேக்கேன், பிச்சம்மாக்கா. கொல்லையில தென்னைய மூட்டோட வெட்டிப் போட்டிருக்கே, ஏன்னு அன்னைக்குக் கேட்டேன். அதுக்கும் வண்டு விழுந்துட்டுன்னிய. ஒங்க வீட்ல எல்லாத்துக்கும் வண்டுதானா?

— ஏட்டி சைதூன், வீடு பிடிக்கலன்னா நேராச் சொல்லிரு.

— பிடிக்காம என்ன. எங்க வீட்டுக்காரவுகளுக்கு வீட்டைவிட கொல்லைக்குப் பின்னால கெடக்க தரிசு மேலதான் கண்ணு. டவர் கம்பி போற எடம், கீழ ஒருத்தனும் வீடு கட்ட முடியாது, சாகுற வரைக்கும் நம்ம பாவு ஓட்டலாம்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ.

— பாவுன்னா, தெருவுல நூலை நீட்டிக் கட்டுவியளே, அதா?

— அதேதான். நாற்பது முழத்துக்கு நீட்டி, கஞ்சி தடவி, காய விட்டு எடுத்தாத்தான் தறியில ஏத்த முடியும். எங்க தெருவுல நாலு வீட்டுக்கும் அந்த ஒரு தெருதான் எடம். போன மாசம் ஒரு ஜீப்பு வந்து, ஆரன்கூட அடிக்கல, பாவுக்கு நடுவுல பூந்துட்டு. ரெண்டாயிரம் இழை. அவுக தெருவுலயே உக்காந்து அழுதுட்டாவ, அக்கா. கல்யாணமாயி இருபது வருசத்துல நா அதைப் பாத்ததில்ல.

— பாவந்தான், கேட்டியா.

— ஒங்களுக்கு இந்தக் கம்பியால ஒரு வெளிச்சமாவது கெடைச்சிருக்கும்.

— வெளிச்சமா? அணா போயி நயா பைசா வந்த வருசம் டவரை நட்டான். பாபநாசத்துக் கரண்டு, இனி ஒங்க வீடு ராத்திரியும் பகலாட்டம் இருக்கும்னு சொல்லிட்டுப் போனான். இன்னைக்கும் எனக்குச் சிம்னி விளக்குதான். தலைக்கு மேல போவுது, யார் வீட்டுக்கோ. அது கெடக்கட்டும், ஒங்க வீட்டுக்காரரு மீரான் எங்க? சாரல்ல நனைஞ்சிக்கிட்டு என்ன பண்ணுதாரு?

— பின்னால எடத்தை அளக்காவ. சாரல் மூணு மாசமும் பாவு காயாது, தறி சும்மா கெடக்கும். இங்கன உசரமா ஒரு ஓலைப் பந்தல் போட்டுட்டா, காத்து உள்ள போயி வரும், சாரல்லயும் வேலை ஓடும்னு திட்டம். அதுக்கு ஒரு மூங்கில் கொண்டாந்திருக்காவ.

— எவ்வளவு நீளம்?

— இருபது அடி இருக்கும். தரையில போட்டு அளந்துட்டு, பொறவு நிமுத்தி உசரம் பாக்கணும்னாவ.

— பச்சை மூங்கிலா?

— நேத்து வெட்டுனது. ஏன்க்கா, மொகம் ஏன் இப்படிப் போவுது?

— நிமுத்த வேண்டாம்னு சொல்லு.

— என்னது?

— சன்னல் வழியா கூப்பிட்டுச் சொல்லு. மூங்கிலைத் தூக்கப்படாது, கீழயே கெடக்கட்டும்னு சொல்லு. இப்பமே சொல்லு, சைதூன்.

— ஏங்க, இங்க பாருங்க. மூங்கிலைத் தூக்காதிய. கீழயே கெடக்கட்டும்.

— ஏன், என்ன? நாலு முழந்தான் பாக்கி.

— அளந்துட்டு அப்படியே போட்டுட்டு வாங்க, சொல்லுதேன். ஆங். தரையிலதான் கெடக்குது, அக்கா. இப்போ நீங்க சொல்லுங்க.

— வண்டு இல்ல, தாயி. கம்பிதான் கத்துது. வெயில் காலத்துல கம்முனு கெடக்கும், ஈரம் பட்டா இப்படி. அதனாலதான் ஒங்களைப் பங்குனியில வரச் சொன்னேன்.

— அப்போ தென்னை?

— தென்னைக்கும் ஒரு கேடும் வரல. நாந்தான் ஆள் வச்சி வெட்டுனேன். எங்க வீட்டு மனுசன் எப்படிச் செத்தாருன்னு ஊர்ல சொன்னாவ?

— பாம்பு கடிச்சின்னு.

— பாம்பு இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னால, இதே ஆனி மாசம். கொழம்புக்கு ஒரு தேங்கா வேணும்னு நாந்தான் கேட்டேன். அவர் தொரட்டிய எடுத்தாரு. நனைஞ்ச மூங்கில், நுனியில அரிவா. கம்பியத் தொட்டுச்சா, தொடலையான்னுகூட எனக்குத் தெரியாது. நா அம்மியில மொளகா அரைச்சிக்கிட்டிருந்தேன். டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா அறுத்துப் போடுவானுவன்னு எங்க அண்ணந்தான் பாம்புன்னு சொல்லச் சொன்னான்.

— யா அல்லா.

— இந்தச் சத்தம் கேட்டா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. அச்சன்புதூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம்னுதான் விக்கேன். ஒங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன், கேட்டியா. மனசு கேக்கல. பத்திரம் வேண்டாம். மீரானைக் கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்குப் போயிரு.

— எந்த வீட்டுக்கு?

— தென்காசியில ஒங்க வீடு இருக்குல்லா.

— அதை முந்தாநாள் எழுதிக் குடுத்தாச்சு. ஒரு யாவாரி மூட்டை அடுக்கக் கிட்டங்கி வைக்க வாங்கியிருக்கான். வெள்ளிக்கெழமை சாவி கையில வேணும்னுட்டான். தறியக் கழட்டி வண்டியில ஏத்தியாச்சு. அடுத்த வாரம் மக தலைப்பிரசவத்துக்கு வாரா.

— அடப் பாவமே. எனக்குத் தெரியாமப் போச்சே.

— நீங்க வண்டுன்னே சொல்லிட்டு இருந்திருக்கலாம், அக்கா.

— மூங்கில்னியே, தாயி. எப்படிச் சொல்லாம இருப்பேன்?

— அதுவும் சரிதான்.

— மீரான்ட்ட சொல்லு. ஆம்பளை, எதாவது ஒரு வழி பாப்பாரு.

— அவுகளா? வானம் உறுமினாலே என்னையப் பக்கத்துல உக்கார வச்சிக்கிடுவாவ. இதைக் கேட்டா இங்கன ஒரு பொழுது தங்க மாட்டாவ. நாங்க எங்க போயி நிக்க? அந்த ஜீப்புக்குப் பொறவு இன்னைக்குத்தான் பாட்டுச் சத்தம் கேக்குது. பின்னால பாடுதாவ, கேக்குதா?

— கேக்குது.

— வாராவ. கண்ணைத் தொடைங்க, அக்கா.

— சைதூன், நாற்பது முழம் தாராளமா இருக்குட்டி. நாற்பத்தஞ்சே போடலாம். ஆமா, மூங்கிலை ஏன் தூக்கப்படாதுன்ன?

— அங்கன உசரமா எதுவும் ஊனப்படாதாம். சர்க்காரு பாத்தா கேஸு போடுவானாம். அக்கா இப்பத்தான் சொல்லுதாவ.

— பந்தல் இல்லன்னா சாரலுக்கு என்ன பண்ண?

— வெயில்ல பாவு ஓட்டுவோம். சாரலுக்கு நா பீடி சுத்துதேன். தரையோட பாவு மட்டுந்தான், அதுக்கு மேல ஒரு குச்சி போவப்படாது. எனக்கு வாக்குக் குடுங்க.

— வாக்கு எதுக்கு, ஒரு பந்தலுக்கு? சரி, போடல. பிச்சம்மாக்கா ஏன் ஒரு மாதிரி இருக்காவ?

— ஒண்ணுமில்ல, தம்பி. இருந்த வீட்டை விட்டுப் போறம்லா.

— அதுக்கென்ன, எப்ப வேணும்னாலும் வாங்க. ஆமா அக்கா, இது என்ன சத்தம்? பின்னால நிக்கயிலயே கேட்டேன். தலைக்கு மேல இருந்துல்லா வருது.

— அவுககிட்ட எதுக்குக் கேக்கிய? வண்டு. சாரல் விழுந்தா கத்தும்.