மூஞ்சி மறைத்த வீடியோ

— இன்னா மெர்லினு, கேமராவ தூக்கிகினு மறுபடியும் என் வூட்டாண்ட வந்துக்கிற? யாராச்சும் பாத்தா எனக்குத்தான் பேஜாரு.

— கேமரா இல்ல கிருஷ்ணண்ணா, சம்மன். உன் பேட்டிய சேனல்ல போட்டேன்ல, அதுக்கு கம்பெனிக்காரன் அவதூறு கேஸ் போட்டுட்டான். கிரிமினல் கேஸு. தோத்தா ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ள.

— மூணு நிமிச வீடியோவுக்கா?

— அதுல நீ சொன்ன ஒரு பேச்சுக்கு. மழ பெய்யசொல்ல கம்பெனிக்காரன் பைப்ப தொறந்து கழிவ ஆத்துல வுடறான், மறுநாளு எறாலு செத்து மெதக்குதுன்னு சொன்னல்ல.

— சொன்னது நானு. உன்ன இன்னாத்துக்கு புடிக்கறான்?

— போட்டது நான்தான.

— உண்மதான தங்கச்சி, அப்பறம் இன்னா பயம்?

— உண்மைன்னு சொன்னா மட்டும் போதாதாம். நாந்தான் நிரூபிக்கணுமாம், ஊரு நல்லதுக்குத்தான் போட்டேன்னும் காட்டணுமாம். மூஞ்சிய மறைக்காத ஒரிஜினல கோர்ட்ல குடுன்னு வக்கீல் சொல்றாரு.

— இன்னாது? எறாலு போடற பறிய வாயில கடிச்சிகினு தண்ணில கையால எறாலு தடவிகினு இருந்தவன கரைக்கு கூப்ட்டு, மூஞ்சி வெளிய வராதுன்னு சொல்லித்தான பேச வெச்ச?

— அதான் உன்ன கேக்க வந்தேன்.

— மூஞ்சிய மறச்ச, சரி. கைய மறச்சியா? சுண்டு வெரலு இல்லாத கை காத்திவாக்கத்துல வேற யாருக்கு கீது? அன்னிக்கு சாய்ங்காலமே குப்பம் மொத்தமும் கண்டுகினுச்சு.

— தப்புதாண்ணா. அத நெனச்சா எனக்கு சோறு எறங்கல... கொடில இன்னா, புதுசா நீலச் சட்ட?

— எம் பையன் அறிவோடது. மணலி பக்கம் ஏதோ கம்பெனில சேத்துகினாங்க. அத வுடு. அந்த ஒரிஜினலு எங்க கீது?

— இந்த போன்ல மட்டும்தான்.

— வக்கீலாண்ட?

— உன்ன கேக்காம குடுப்பனா?

— அப்போ அழிச்சிடு. உன் காலுல வேணா வுழறேன்.

— அழிச்சா என் கைல ஒண்ணும் இருக்காதுண்ணா. கோர்ட்டுக்கு வந்து எனக்காக நீ பேசுவியா?

— பேசாம? கூடப்பொறந்தவ மாதிரி நீ. கூப்ட்டா வந்து நிப்பேன், சொல்ட்டேன். வீடியோ மட்டும் வாணாம்.

— இந்தா போனு. நீயே அழி.

— எத அமுக்கறது?

— கீழ குப்பத்தொட்டி மாதிரி கீது பாரு. மறுபடியும் கேக்கும், சரின்னு அமுக்கு.

— போயிடுச்சா? திரும்பி வராதே?

— வராதுண்ணா.

— இப்பத்தான் மூச்சே வந்துச்சு. குந்து, டீ போட சொல்றேன்.

— டீ வாணாம். திங்கக்கெழம கோர்ட்ல பாக்கலாம்.

— திங்கக்கெழம நான் இன்னாத்துக்கு? நீ கூப்ட்டாதான வருவேன்.

— நான் கூப்ட தேவல. சம்மனோட கம்பெனியோட சாட்சி லிஸ்டும் வந்துச்சு, மொத பேரே உன்னுது. நான் சொல்லிக் குடுத்துதான் நீ பேசுனன்னு எழுதிகீது. அந்த நீலச் சட்ட எந்த கம்பெனிதுன்னும் எனக்கு தெரியும். நீயே உன் வாயால சொல்லுவன்னு இம்மா நேரம் பாத்தேன். மூஞ்சி வெளிய வராதுன்னு உனக்கு வாக்கு குடுத்தேன், அத காப்பாத்திட்டேன். கூண்டுல ஏறசொல்ல யாரும் மறச்சு வுட மாட்டாங்கண்ணா.