கண்ணாடி ரூம்ல செஞ்ச ஜோடி

இசைவாணி: டேய் பேச்சி, நில்லு. அந்த நாய் படத்த இன்னாத்துக்கு எங்க டேபுளாண்ட நிறுத்தற?

பேச்சிராஜ்: மேனேஜரு நிறுத்தச் சொன்னாருக்கா.

இசைவாணி: ஃபேமிலி டே அதுவுமா நாய் பேனரா? கொண்டு போயி செக்யூரிட்டி ரூமாண்ட வெய்யி. சாம்பிள் ஜோடிய கைலயே எடுத்தாந்து கீறேன், இங்க இந்த சார்ட் பேப்பர ஒட்டணும். எம் பொண்ணு வரைஞ்சது. எப்டி கீது?

பேச்சிராஜ்: நல்லாருக்கு. மாம்பழமாக்கா?

இசைவாணி: ஒதை வாங்குவ. இதயம்டா! செவப்பா தெரியல?

பேச்சிராஜ்: தெரியுது... யக்கா, அத ஒட்டாதிய.

இசைவாணி: ஏன்?

பேச்சிராஜ்: சும்மாதான்... ஒட்டாண்டாம்.

இசைவாணி: இன்னாடா மென்னு முழுங்கற? டேப்ப குடு. எங்க மாமனாரு மண்ணூர்லேர்ந்து தெருவையே வேன்ல ஏத்திகினு வர்றாரு. சின்னப்பொண்ணு அத்த, செல்லம்மா பெரிம்மா, எல்லாம் பட்டுப்பொடவ கட்டிகினு வருதுங்க. "எம் மருமவ மனுசன் நெஞ்சுக்குள்ள வெக்கிற சாமான் செய்யறா"ன்னு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சி வெச்சி கீறாரு மனுசன்.

பேச்சிராஜ்: நெஞ்சுக்குள்ளன்னு யாரு சொன்னா?

இசைவாணி: சேந்த அன்னிக்கே சூப்பர்வைசர் சொன்னாரே. "இது ஒடம்புக்குள்ள வெக்கிறது, ஒரு முடி ஒட்டினாலும் சீழ் புடிச்சிக்கும்"னு.

பேச்சிராஜ்: ஒடம்புன்னுதான சொன்னாரு. நெஞ்சுன்னா சொன்னாரு?

இசைவாணி: பேரா போட்டு கீது டப்பா மேல? வெறும் நம்பரு. நாமளா தான் புரிஞ்சிக்கணும். ஒடம்புக்குள்ளன்னா பின்ன எங்க வெப்பாங்க, கொண்டையிலயா?

பேச்சிராஜ்: ஜோடி ஜோடியால்லா டப்பால போடுதோம். நெஞ்சு ஒண்ணுதானக்கா?

இசைவாணி: நெஞ்சுல எடப்பக்கம் வலப்பக்கம் இல்ல? பக்கத்துக்கு ஒன்னு.

பேச்சிராஜ்: அத்தன சைசு எதுக்கு?

இசைவாணி: கொழந்தைக்கி சின்னது, பெரியாளுக்கு பெருசு. இதுகூட தெரியாமயா பேக்கிங்ல குப்ப கொட்ற?

பேச்சிராஜ்: அந்தக் கடைசி சைசு? கோழி முட்டைக்கு மேல இருக்குல்லா. அது?

இசைவாணி: அது... பயில்வானுங்களுக்கு.

பேச்சிராஜ்: யக்கா, கொஞ்சம் உக்காருங்க.

இசைவாணி: எதுக்கு? டேய், மூஞ்சி ஏன் இப்டி போவுது? ஆர்டர் நின்னு போச்சா? லைன மூடறாங்களா?

பேச்சிராஜ்: அதெல்லாம் ஒண்ணுமில்ல. இந்தப் பேனரு நம்ம கஸ்டமரு அனுப்புனது. நேத்து பொட்டியப் பிரிச்சதே நாந்தான். மேனேஜரு சங்கரநாராயணன் சார்ட்ட கேட்டேன், என்ன சார் நாய் படம் வந்திருக்குன்னு. அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

இசைவாணி: இன்னா சொன்னாரு?

பேச்சிராஜ்: ஒங்கட்ட எப்படிக்கா சொல்லுவேன்... எனக்கு வெக்கமா இருக்கு.

இசைவாணி: புள்ள பெத்தவகிட்ட இன்னாடா வெக்கம்? கக்கு.

பேச்சிராஜ்: அமெரிக்கால வீட்டுல வளக்க ஆம்பள நாய்க்கு... காயடிச்சுருவாவளாம்.

இசைவாணி: சரி.

பேச்சிராஜ்: அடிச்ச பொறவு அந்தப் பை காத்தாடிக்கிட்டு கெடக்குமாம். வளக்கவங்களுக்கு மனசு கேக்காதாம். அய்யோ நம்ம பய இப்படி ஆயிட்டானேன்னு...

இசைவாணி: சரி... அதுக்கு?

பேச்சிராஜ்: அதுக்குத்தான் இது.

இசைவாணி: எது?

பேச்சிராஜ்: ஒங்க கைல இருக்கே. அந்த ஜோடி.

இசைவாணி: இதுவா? நாய்க்கா?

பேச்சிராஜ்: யக்கா? கீழ போட்டுராதிய, சாம்பிளு.

இசைவாணி: இத வெச்சா நாய் திரும்ப குட்டி குடுக்குமா?

பேச்சிராஜ்: குடுக்காது.

இசைவாணி: நோவு ஏதாவது தீருமா?

பேச்சிராஜ்: ஒண்ணும் தீராது. சும்மா பார்வைக்கு.

இசைவாணி: பார்வைக்கா! தலைக்கி குல்லா, வாய்க்கி முகமூடி, கண்ணாடி ரூம்ல தும்மினா கூட எழுதிக் குடுக்கணும்... நாய் பார்வையா தெரியறதுக்கா நான் இவ்ளோ நாளா நின்னேன்? டேய், சிரிக்காத!

பேச்சிராஜ்: சிரிக்கலக்கா... நீங்கதான் சிரிக்கிய.

இசைவாணி: சிரிக்கறனா அழுவறனான்னு எனக்கே தெர்ல. பயில்வானுங்களுக்குன்னு வேற சொன்னேனே!

பேச்சிராஜ்: நான் மட்டும் என்னவாம்? எங்கம்மாட்ட கண்ணுக்கு வைக்கதுன்னு சொல்லி வச்சிருக்கேன். சங்கரன்கோயில்ல எங்க தெருப்பூரா நான் கண்ணு கம்பெனிலதான் இருக்கேன்.

இசைவாணி: கண்ணுக்கு அந்தப் பெரிய சைசா? எந்த யானைக்குடா?

பேச்சிராஜ்: எங்கம்மா அதக் கேக்கலயே.

இசைவாணி: ஒனக்கு வெளாட்டா கீது. ஒங்கம்மா அவ்ளோ தூரத்துல கீது. எங்க மாமனாரு இப்ப வந்துடுவாரு. கொழந்த பொறந்ததும் எங்க மாமியாரு வேலைய வுடுன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சி தெரியுமா? ரப்பர் கம்பெனில நின்னு இன்னா கிழிக்கப் போறன்னு. எங்கூட்டுக்காரு வாயே தொறக்கல. நான் தான் சொன்னேன், இது நெஞ்சுக்கு வெக்கிறது அத்த, நான் போவலன்னா எவனோ ஒருத்தன் உயிரு காத்துகினு கெடக்கும்னு. ஒடனே மாமா துண்ட ஒதறிகினு எழுந்தாரு. "அவ போவட்டும், கொழந்தைய நான் பாத்துக்கறேன்"னாரு. அன்னிலேர்ந்து அவரு தான் தூளி ஆட்னாரு, ஆய் கழுவினாரு, இப்ப பள்ளிக்கூடத்துக்கு இட்டுகினு போறாரு. எல்லாம் அந்த நெஞ்ச நம்பி!

பேச்சிராஜ்: நீங்க வேணும்னா சொன்னிய? தெரியாமத்தான...

இசைவாணி: அவருக்குப் புரியுமா? தெரு முன்னாடி அவரு தலை கவுந்துடும்டா. நாளைக்கே எங்கத்த டிபன் டப்பாவ தூக்கி பரண்ல போட்டுடும். எனக்கு இந்த வேல வேணும் பேச்சி. எனக்கு இது புடிச்சி கீது.

பேச்சிராஜ்: ஒங்கள விட்டா இந்த லைன்ல ஆளு ஏதுக்கா? இந்த வருசம் ஷீல்டே ஒங்களுக்குத்தான.

இசைவாணி: இத தடவிப் பாரு. ஓரத்துல ஒரு பிசிறு கீதா? அச்சுலேர்ந்து எடுக்கறப்ப அவசரப்பட்டா கோடு வுழும். நான் எடுத்தா வுழாது. இன்னிவரிக்கும் என் டப்பா ஒன்னு திரும்பி வந்ததா சொல்லு பாப்போம்.

பேச்சிராஜ்: வந்ததேயில்ல.

இசைவாணி: நாய்க்குன்னா மட்டும் அது ஒடம்பு இல்லியா? ஆனா இத நான் தெருவுக்கு எப்டிடா சொல்லுவேன்... அய்யோ, அதோ, அந்த மஞ்ச சொக்கா. மாமா தான். பேனர திருப்புடா!

பேச்சிராஜ்: சாரு கேட்டா?

இசைவாணி: திருப்பு மொதல்ல! வாங்க மாமா. இன்னா தனியா வர்றீங்க? அவங்கல்லாம் எங்க?

மாரி: ஜூஸ் குடுக்கறான்ல, அங்க மொய்ச்சிகினு கீதுங்க. நான் தான் முன்னாடி ஒரு பார்வ பாத்துடலாம்னு வந்தேன். இது தான் ஒன் டேபுளா? அடேங்கப்பா! இந்தத் தம்பி யாரு?

பேச்சிராஜ்: பேச்சிராஜ்ங்கய்யா. பேக்கிங்.

மாரி: எம் மருமவ செய்யறத நீ தான் கட்டி அனுப்பறியா? பாத்து கட்டுப்பா. பாப்பா வரைஞ்ச படத்த ஒட்டலியா? ஏன் சுருட்டி வெச்சி கீற? அது இன்னா, மொகத்த சொவுத்துப் பக்கம் வெச்சிகினு ஒன்னு நிக்கிது?

பேச்சிராஜ்: அது... பழைய பேனருங்கய்யா. நாய்க்கடி ஊசி வெளம்பரம்.

மாரி: நாய்க்கடியா? கம்பெனிக்குள்ளயா?

பேச்சிராஜ்: ஆமாங்கய்யா, இந்த ஒரகடம் ரோட்டுல நாய்த் தொல்ல ரொம்ப...

இசைவாணி: பேச்சி, வாய மூடு. மாமா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்.

மாரி: சொல்லும்மா.

இசைவாணி: நான் செய்யறது நெஞ்சுக்கு வெக்கிறது இல்ல மாமா.

மாரி: ம்.

இசைவாணி: இன்னிக்கி தான் எனக்கே தெரிஞ்சிது. சத்தியமா. பொய் சொல்லி ஒங்கள கொழந்தைய பாக்க வெக்கல. இது... அமெரிக்கால நாய்க்கு வெக்கிறதாம். காயடிச்ச நாய்க்கு. பை காலியா தெரியக் கூடாதுன்னு உள்ள வெச்சி தெச்சிடுவாங்களாம்.

மாரி: அந்தப் பேனர திருப்புப்பா.

பேச்சிராஜ்: அய்யா...

மாரி: திருப்பு. ஹூம்... நல்லா தான் கீது நாயி. பல்லெல்லாம் தெரிய சிரிக்கிது பாரு. ஏம்மா, அத வெச்சா உள்ள புண்ணாவாதா அதுக்கு?

இசைவாணி: ஆவாது மாமா. கொதிக்கிற மெஷின்ல போட்டு எடுத்து தான் அனுப்பறோம். ஒரு கோடு தெரிஞ்சா கூட நான் ஒதுக்கிடுவேன்.

மாரி: குத்தாதா? படுக்க சொல்லோ, ஓட சொல்லோ?

இசைவாணி: இந்தாங்க, அமுக்கிப் பாருங்க. இன்னும் நல்லா அமுக்குங்க, ஒன்னும் ஆவாது.

மாரி: மெத்துனு கீதே! காது மடல தொட்டா மாதிரி. இது ஒன் கையால செஞ்சதா?

இசைவாணி: நான் செஞ்சது தான் மாமா. ரெண்டும்.

மாரி: எங்க கொல்லையில மாட்டுக்கு காயடிக்க சொல்லோ அது கத்தற கத்து ஒரு வாரம் காதுல கேக்கும். அத ஒரு ஆளா எவன் நெனச்சான்? இங்க ஒரு நாய் மானத்துக்கு கடல் தாண்டி வந்து எம் மருமவ கைய கேக்கறானுங்க.

பேச்சிராஜ்: அய்யா, இத எங்கம்மாட்ட வந்து இதே மாதிரி சொல்லுவியளா?

இசைவாணி: நீ சும்மா இருடா. மாமா, அவங்கல்லாம் வர்றாங்க. எல்லாம் சிரிக்கும். பேனர கழட்டிடட்டா?

மாரி: கழட்டுவியா? நேரா நிறுத்து. இன்னும் கொஞ்சம் முன்னால, வெளிச்சத்துல. சிரிக்கிறவன் வந்து இதுல ஒன்னு செஞ்சி காட்டட்டும்.

இசைவாணி: மாமா... ஒங்களுக்கு கோவமே வரலியா?

மாரி: வந்துதும்மா. போன வருசமே. நம்ம தெரு கோபாலு இல்ல, ஒங்க பொட்டிய ஏர்போர்ட்டுக்கு ஏத்திகினு போறவன், அவன் தான் டீக்கடையில வந்து "ஒன் மருமவ செய்யறது நாய்க்குடா"ன்னு கெக்கெக்கேன்னு சிரிச்சான். போடா, மனுச நெஞ்சுக்குன்னு அவன் சொக்காவ புடிச்சிட்டேன். அப்பால பொட்டியோட போற காயிதத்த காட்டினான், நெசம் தான். ஒனக்குத் தெரியாதுன்னு தெரியும், நானா சொல்லி ஒன் மனச ஒடைப்பனா? ஊருக்கும் நெஞ்சு நெஞ்சுன்னே சொல்லிகினு கெடந்தேன். இன்னிக்கி வேன் ஓட்டிகினு வந்து கீறதும் அவன் தான். போ, மொத ஆளா அவன இட்டுகினு வா, எம் மருமவ கைவேலைய கிட்ட நின்னு பாக்கட்டும்.