மூணுதான் காட்டுது

ஹலோ... அண்ணா, நான்தான். ... இல்ல இல்ல, அப்பா நல்லாத்தான் இருக்கார். இப்பதான் திருப்பிப் படுக்க வச்சேன். ... நெட் ஸ்பீட் விஷயமாத்தான் கூப்பிட்டேன். மூணுதான் காட்டுது. ... ஆமா, ஆமா, மூணு எம்பிபிஎஸ்தான்.

ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் உக்காந்து வேலை பாக்கிற இடத்துலயே ஸ்பீட் டெஸ்ட் போட்டு, இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள படம் அனுப்பணுமாம். இருபதுக்குக் கீழ வந்தா வீட்டுல வேலை கிடையாது, திங்கக்கிழமையிலிருந்து நேர்ல போயாகணும். ... அதைத்தான் நானும் கேக்கிறேன், அப்ப அப்பாவை யார் பாத்துக்கிறது? நீ ஒரு ஆறு மாசம் கூட்டிட்டுப் போயேன். ...

சரி... சரி. இன்னொரு தடவை போடறேன். ... டிவி ஆஃப். ... வேற யார் நெட்டை இழுக்கிறா இங்க? பக்கவாதம் வந்த மனுஷன் படமா பாத்துட்டு இருக்கார்? ... இரு, ஓடுது. ... மூணு புள்ளி ரெண்டு.

மோடம் பக்கத்துலயா? ... ம், ஹாலுக்கு வந்துட்டேன். ... தொண்ணூத்தி நாலு. ... ஆமா, லைன்ல கோளாறு இல்லதான். ... அது எப்படி அண்ணா நான் ஹால்ல உக்கார முடியும்? தண்ணி குடிச்சாலே அவருக்குப் புரையேறுது. பக்கத்துல ஆள் வேணும். ...

போன மாசமா? ... அறுபது வந்துச்சு. ... ஆமா, அதே ரூம்லதான். ... ஒண்ணும் மாறல. ... எதையும் நகத்தல. ... வீடியோ எதுக்கு? ... வேண்டாம்னா விடேன்.

... பீரோ. ... ஆமா, அம்மாவோட இரும்பு பீரோதான். மோடமை மறைச்சிட்டு நிக்குது. ... நான்தான். உள்ள இருந்த துணியெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, தனியாத் தள்ளினேன், நேத்து. ... தெரியாம எல்லாம் இல்ல. நடுவுல இரும்பு இருந்தா சிக்னல் போகாதுன்னு நீதானே சொல்லியிருக்கே.

... திட்டு, பரவாயில்ல. ... நாலு வருஷமாச்சு அண்ணா. அந்தக் கட்டில் பக்கத்துலதான் வேலை, அங்கேயேதான் சோறு, அங்கேயேதான் தூக்கம். மூணுன்னு காட்டினதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். திங்கக்கிழமை போட்டுட்டுப் போக செருப்பைக்கூடத் தொடச்சு வச்சிட்டேன்.

... சரி. ... சரி, தள்ளிடறேன். பழைய இடத்துலயே வைக்கிறேன். அறுபது வரும், அனுப்பிடறேன். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆறு மாசம் வேண்டாம். ஒரு மாசம் அப்பாவை வச்சுக்கிறியா? ...

ஹலோ? ... கேக்குதே. ... விட்டு விட்டு எல்லாம் வரல, எனக்கு நல்லாவே கேக்குது. ... இல்ல அண்ணா. உன் வீட்டு மிக்ஸி ஓடறது கேக்குது. அண்ணி பக்கத்துல நின்னு யார்னு விசாரிக்கிறதுகூடக் கேக்குது. ... முடியும்னோ முடியாதுன்னோ வாயைத் திறந்து சொல்லிட்டு வை. ...

அண்ணா? ... ஹலோ... ஹலோ...