கொடுக்கில்லாத தேள்

குற்றாலத்துச் சாரலில் குடை பிடிப்பது ஒரு மரியாதைக்காகத்தான். பிடித்தவனும் நனைவான், பிடிக்காதவனும் நனைவான். ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, நான் ஸ்டேஷனுக்குள் சொட்டச் சொட்ட வந்து நின்றதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. காகிதமும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்தீர்கள். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். தென்காசியில் டிராயிங் மாஸ்டர். பிள்ளைகளுக்குக் கத்தரிக்காயும் கூஜாவும் போடச் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். ஆனால் ஊரில் எனக்கு மரியாதை அதனால் வரவில்லை. பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் அது யார் கை என்று சொல்லிவிடுவேன். சிவகிரி முதல் செங்கோட்டை வரை பெரிய வீடுகளில் "பெருமாள் வாத்தியார் சொல்லிட்டாரா? அப்போ சரி" என்பார்கள். எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, காணி நிலம் இல்லை. அந்த 'அப்போ சரி' ஒன்றுதான் நான் சம்பாதித்தது.

சொக்கலிங்க ராசுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணெய் வர்ணத்தில் அவருக்கு நிகர் இந்தப் பக்கத்தில் பிறக்கவில்லை. திருவனந்தபுரம் அரண்மனையில் அவர் படங்களுக்கென்று ஒரு கூடமே இருக்கிறது. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது. பாதிப் படங்களில் கையெழுத்துப் போடாத மனிதர். அதனால் அவருக்குப் பின்னால் சீடர்கள் என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் அவரைப் போலவே போட்டுப் புகையில் காட்டிப் பழசாக்கி விற்றார்கள். அசலையும் போலியையும் பிரிக்கிற இடத்தில் நான் இருந்தேன்.

மிராசுதார் சுந்தரபாண்டியன் இரண்டு வருஷத்துக்கு முன் வாசுதேவநல்லூரில் ஒரு இடிந்த வீட்டை வாங்கினார். அதன் பரணில் ஒரு படம் கிடைத்தது. பாறைமேல் ஒரு பெண், மடியில் பழக்கூடை. இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கிறது: ஒரு தேள், ஆனால் வாலில் கொடுக்கு இல்லை. கையெழுத்தும் இல்லை. நான் அந்தப் படத்தோடு பல நாள் உட்கார்ந்தேன். ஈரப் பாறையின் பளபளப்பைத் தூரிகைக் காம்பால் கீறிக் கொண்டுவந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராசு கை என்று சொன்னேன். சுந்தரபாண்டியன் அதைத் தம்முடைய குற்றாலம் பங்களாவின் நடுக்கூடத்தில் மாட்டி, கீழே பித்தளையில் ராசுவின் பெயரைப் பொறித்து வைத்தார்.

அரண்மனைப் படங்களைப் பார்த்துக்கொள்கிற கேசவ பிள்ளைதான் முதலில் மறுத்தவர். போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு, ராசு இறந்தபிறகு யாரோ ஒரு சீடன் போட்டது என்று சொல்லி அனுப்பினார். இந்த சீசனுக்கு நேரில் வந்து முடிவு சொல்வதாகவும் ஒப்புக்கொண்டார். நான் கலங்கவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

அவர் வருவதற்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது பேரருவிக்குப் போகிற பாதையில், பழக்காரிகள் இருக்கிற வரிசையில் நடந்துகொண்டிருந்தேன்.

"மங்குஸ்தான் வாங்குங்கய்யா. ஒண்ணு சொத்தையா இருந்தா ரெண்டாத் தாரேன்" என்று ஒரு கை பழத்தை நீட்டியது. அந்தக் கையில் தேள் இருந்தது. வாலில் கொடுக்கு இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்த முகம். அதே மேவாய்க்குழி, ஒரு புருவம் மட்டும் சற்றே ஏறி நிற்கிற அதே பார்வை.

பழத்தை வாங்கிக்கொண்டே வயதைக் கணக்குப் போட்டேன். அவளுக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. ராசு செத்தபோது அவள் பிறந்தே இருக்க மாட்டாள். இவளை உட்காரவைத்து எவனோ சமீபத்தில் வரைந்திருக்கிறான். கேசவ பிள்ளை போட்டோவில் கண்டதை நான் நேரில் தொட்டுப் பார்த்தும் காணவில்லை.

அவள் பெயர் மாரித்தாய். மறுநாளும் போனேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஏட்டி, ஒன்னை யாராவது படம் எழுதியிருக்காகளா?"

சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். முந்தானையை இழுத்து முன்கையை மூடினாள். "அந்தப் பேச்செல்லாம் எதுக்குய்யா? படம் எழுதுனா ஆயுசு கொறையும். எங்க வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றாள்.

போட்டோக்காரன் வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிற வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இவள் இல்லை என்று சொல்லவில்லை. இல்லாத ஒன்றை எதற்காக மூடவேண்டும்? அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிடவில்லை. தென்காசி பஜாருக்குப் போய் உட்கார், நல்ல வியாபாரம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "சீசன விட்டுட்டு எங்கய்யா போவேன்? நல்லாச் சொல்லுதீய" என்று சிரித்தாள். நான் தினம் வருவதால் அவளுக்கு என்மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. நல்ல பழமாக எடுத்துத் தனியே வைத்திருப்பாள். எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

ஒருநாள் பங்களாக் கூடத்தில் சுந்தரபாண்டியனோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அவள் குரல் கேட்டது. சமையல்காரரிடம் பழம் கொடுக்க வந்திருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு துணித்திரை. எனக்குப் பின்னால் சுவரில் அந்தப் படம். திரை காற்றில் ஆடியது. சுந்தரபாண்டியன் ஏதோ கேட்டார். நான் திரையையே பார்த்தேன். "என்ன வாத்தியாரே, இப்படி வேர்க்குது?" என்றார். பித்தம் என்றேன். இந்தப் பெண் இன்னும் நாலு எட்டு வைத்தால் என் இருபது வருஷம் போயிற்று என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. அவளுக்கோ ஒன்றும் தெரியாது. தெரியாதவளை எப்படி எச்சரிக்க முடியும்?

கேசவ பிள்ளை சனிக்கிழமை ரயிலில் வருவதாகத் தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் செண்பகாதேவி அருவிக்கு ஏறினேன். மேலே பழத்தோட்டத்திலிருந்து அவள் கூடையோடு இறங்குகிற வழி அது. சாரல் அடர்த்தியாக இருந்தது. வேறு ஆள் இல்லை. என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"இந்த மழையில இங்கன என்னய்யா செய்யுதீய?"

அம்மனைக் கும்பிட வந்தேன் என்றேன். பசிக்கிறது, ஒரு பழம் கழுவிக் கொடு என்றேன். அவள் தடாகத்தின் ஓரத்துப் பாறையில் குந்தி உட்கார்ந்து குனிந்தாள். நான் குடையை மடக்கி அதன் முனையை அவள் முதுகில் வைத்து அழுத்தினேன். கையால் தொடவில்லை. அவள் வழுக்கி, திரும்பி, குடையின் முனையைப் பிடித்துக்கொண்டாள். தான் வழுக்கியதைக் கண்டு நான்தான் குடையை நீட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. "கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்கய்யா" என்றாள்.

நல்ல குடை அது. விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு சீசனிலும் வழுக்கி விழுந்து நாலைந்து பேர் போகிறார்கள். இவளையும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். உங்கள்மேல் குறை இல்லை. பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்து, மறுநாள் காலையில் எரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மாலை கேசவ பிள்ளை கூடத்தில் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சுந்தரபாண்டியனும் பக்கத்தில் இருந்தோம். அந்த நேரம் முப்பிடாதியம்மாள் வந்தாள். மாரித்தாயை வளர்த்த சித்தி. இனிமேல் பழம் வராது என்று சமையற்கட்டில் சொல்ல வந்திருக்கிறாள். சுந்தரபாண்டியன் இளகிய மனசுக்காரர். துக்கம் கேட்பதற்காக அவளைக் கூடத்துக்குள் கூப்பிட்டார். அவள் படத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க அக்கா" என்றாள். "இது எங்க அக்கா தங்கத்தாய்லா."

அழுகைக்கு நடுவே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ராசுன்னு பெரியவுக ஒருத்தர் சீசனுக்கு வந்தாவ. அக்காவக் கல்லுமேல உக்கார வச்சு எழுதுனாவ. நான் பக்கத்துலேயே நின்னேன். பெறவு அவ கலியாணமாகி, இந்தப் பிள்ளையப் பெத்து, அது நடக்கதுக்குள்ள போய்ச் சேந்துட்டா. படம் எழுதுனதுலதான் ஆயுசு போச்சுன்னு அந்தப் பேச்சையே எங்க வீட்டுல எடுக்கதில்ல. அக்காவுக்குப் பச்சை குத்தும்போது வலி தாங்காமக் கைய இழுத்துட்டா, தேளுக்குக் கொடுக்கு இல்லாமப் போச்சு. எங்க வீட்டுல ஆத்தா கையில இருக்கது எப்படியோ அப்படித்தான் மக கையிலயும் குத்தணும். கோணலா இருந்தாலும் திருத்தப்படாது. திருத்துனா செத்த ஆத்தாளுக்கு மேல போயி மகளை அடையாளம் தெரியாது."

ஆண்களுக்குத் தெரியாத வழக்கம் அது. ராசுவின் தூரிகையை எனக்குத் தெரியும். பச்சை குத்துகிற வீட்டு முறை எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஐயா, அந்தக் கணத்தில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. மூச்சு வந்தது. படம் ராசுவினுடையது. நான் முதலில் சொன்னது சரி. நடுவே அந்தப் பெண்ணைக் கண்டு மிரண்டேனே, அது ஒன்றுதான் என் பிழை.

சுந்தரபாண்டியன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கேசவ பிள்ளை மட்டும் அசையவில்லை. அவர் முப்பிடாதியம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாஷே, சாட்சி நல்ல சாட்சி. ஆனா நான் வந்த அன்னிக்கே அது நடந்து வந்நு நிக்குது" என்றார். "அந்தப் பெண்ணையும் கையையும் காட்ட முடியுமோ? எரிச்சாச்சு. எழுதினதைக் கண்டவர் வேறெ உண்டோ? இல்லை. இந்த அம்மைக்கு யாரு சொல்லிக்கொடுத்து?"

அவ்வளவுதான். நாளைத் திங்கட்கிழமை ரயிலில் திருவனந்தபுரம் போய், வாத்தியார் ஒரு கிழவியைப் பழக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார் என்று சொல்லப் போகிறார். சுந்தரபாண்டியனே என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நேற்று ராத்திரியே பித்தளைத் தகட்டின் ஆணிகளைக் கழற்றச் சொன்னாராம். மாரித்தாய் உயிரோடு இருந்திருந்தால் அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கலாம். இதற்கு மேல் ஒரு அத்தாட்சி வேண்டியிராது. அதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே மனசு வலிக்கிறது.

ஆகவேதான் நானாக வந்தேன். என்னைச் சந்தேகித்தவர் யாரும் இல்லை. நான் வராமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். அந்தச் சித்தியை நான் பழக்கியிருந்தால், தங்கத்தாயின் கதை எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால், படத்தைக் காப்பாற்றக்கூடிய பெண்ணை நானே ஏன் தண்ணீரில் தள்ளப் போகிறேன்? நான் தள்ளினேன். ஆகவே எனக்குத் தெரியாது. ஆகவே முப்பிடாதியம்மாள் சொன்னது அவளாகச் சொன்னது. ஆகவே படம் ராசு போட்டது. இதைவிடச் சுத்தமாக நிரூபிக்க எனக்கு வழி தோன்றவில்லை. குடை தடாகத்தின் அடியில் ஏதாவது இடுக்கில் கிடக்கும். பிடியில் என் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. ஆள் விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

தூக்கு என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். இதற்கு ஒரு நகல் எடுத்து, கேசவ பிள்ளை ரயில் ஏறுவதற்குள் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். அவர் படித்துவிட்டுத் தலையசைத்தாரா என்று எனக்கு வந்து சொல்லும்வரை, எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.